அத்திப்பழமும் அநியாயப் பணமும்

வேத பாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: லூக்கா 3:7-14; லூக்கா 19:1-10



சகேயுவின் சம்பவம் நமக்குப் புதியதல்ல. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்லுவார்கள். குள்ளமான மனுஷன், ஓடினான், மரத்தில் ஏறினான், ஆண்டவர் கூப்பிட்டார், இறங்கினான். நாமும் பல தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் மரத்தோடேயே நின்றுவிடுகிறோம். மரத்தை விட்டு இறங்கி வந்து அவன் பேசின பேச்சுக்குள் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த ஒரே வார்த்தையைத்தான் இந்த மாதம் தியானிக்கப் போகிறோம். இந்த வார்த்தை என்னை உடைத்த வார்த்தை. அது எப்படி என்பதைப் பிற்பாடு சொல்லுகிறேன்.

1. இரண்டு இடம், ஒரே வார்த்தை

லூக்கா 3-ம் அதிகாரம் 14-ம் வசனத்தில் போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானனிடத்தில் வந்து, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். அவன் கொடுத்த கட்டளைகளில் ஒன்று, பொய்யாய்க் குற்றஞ்சாட்டக் கூடாது என்பது. லூக்கா 19-ம் அதிகாரம் 8-ம் வசனத்தில் சகேயு, தான் எவனிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாக அறிக்கை செய்கிறான்.

தமிழில் வாசிக்கும்போது இவை இரண்டும் வெவ்வேறு காரியங்களாகத் தெரிகிறது. ஒன்று நாவின் பாவம், மற்றது கையின் பாவம். அப்படித்தானே? ஆனால் கிரேக்க மூலபாஷையில் இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே வினைச்சொல்தான்: ‘சூகோஃபன்தேயோ’. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்தச் சொல் இந்த இரண்டே இரண்டு இடத்தில்தான் வருகிறது. இரண்டும் லூக்கா எழுதினது.

நம்முடைய மொழிபெயர்ப்பு தப்பா? இல்லை, இரண்டும் சரிதான். அந்தச் சொல்லுக்குள் இரண்டும் அடங்கியிருக்கிறது. பொய்க் குற்றத்தைக் காட்டி, அல்லது குற்றஞ்சாட்டப் போகிறேன் என்று பயங்காட்டி, தனக்கு உரிமையில்லாததைத் தனக்கென்று வாங்கிக்கொள்வதுதான் இந்த வினைச்சொல்லின் முழுப் பொருள். நாக்கு சாவி, கை திருடன். இரண்டும் சேர்ந்து செய்கிற பாவம் இது.

2. இந்த வார்த்தை பிறந்த ஊர்

இது பிறந்தது எருசலேமில் அல்ல, கிரேக்க தேசத்து ஏதென்ஸ் பட்டணத்தில். நம் வேதத்தில் அத்தேனே என்று வாசிக்கிறோமே, அதேதான். ‘சூகோன்’ என்றால் அத்திப்பழம். ‘ஃபாய்னோ’ என்றால் காட்டுவது, வெளிப்படுத்துவது. அப்படியானால் ‘சூகோஃபன்தேஸ்’ என்பவன் அத்திப்பழத்தைக் காட்டிக்கொடுக்கிறவன்.

அத்திப்பழத்தைக் காட்டிக்கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கி.மு. 594-ல் ஏதென்ஸில் அதிகாரத்துக்கு வந்த சோலோன் என்பவன், ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு விளைபொருளைத் தேசத்துக்கு வெளியே விற்கக்கூடாது என்று சட்டம் போட்டதாக புளூட்டார்க் என்ற சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அத்திப்பழமும் அதில் அகப்பட்டது. அதைக் கள்ளத்தனமாய் வெளியே அனுப்புகிறவர்களைக் காட்டிக்கொடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் வந்தது என்று பழைய ஜனங்கள் சொன்னார்கள். புளூட்டார்க் வாழ்ந்தது அப்போஸ்தலர் காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்னும். சோலோனுக்கும் அவருக்கும் நடுவே 600 வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆகையால் இக்காலத்து அறிஞர்கள் பலர் இந்த அத்திப்பழக் கதையை அப்படியே ஏற்பதில்லை. பெயர் வந்த வழி எதுவானாலும், அந்தப் பெயரைச் சுமந்தவன் என்ன செய்தான் என்பதில் சந்தேகமே இல்லை.

ஏதென்ஸில் இன்றைக்கு இருப்பதுபோல் அரசாங்க வக்கீல் கிடையாது. ஒருவன் ஊருக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால், விரும்புகிற எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாம். சிலவகை வழக்குகளில் அபராதத்தில் பாதி வழக்குத் தொடுத்தவனுக்கே போகும். சட்டம் நல்ல நோக்கத்தோடு உண்டானதுதான். ஏழைக்கும் யாராவது பரிந்து வரட்டும் என்ற நோக்கம். ஆனால் சிலர் இதையே பிழைப்பாக்கிக்கொண்டார்கள். பணமுள்ளவனைப் பார்ப்பது, அவன் மேல் ஒரு குற்றத்தை ஜோடிப்பது, நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்று மிரட்டுவது, பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா விடுவது. இவன்தான் ‘சூகோஃபன்தேஸ்’.

சாக்ரடீஸின் சீஷனாகிய செனஃபோன் ஒரு சம்பவம் எழுதி வைத்திருக்கிறார். கிரித்தோன் என்ற செல்வந்தன் சாக்ரடீஸிடம் வந்து புலம்புகிறான். தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாய் இருக்க விரும்புகிறவனுக்கு இந்த ஊரில் வாழ்வது கஷ்டம், நான் அநியாயம் செய்ததற்காக அல்ல, தொந்தரவுக்குப் பயந்து பணம் கொடுத்துவிடுவேன் என்று எண்ணியே என் மேல் வழக்குப் போடுகிறார்கள் என்கிறான். கவனித்தீர்களா? குற்றமுள்ளவன் மாத்திரமல்ல, நிம்மதியை விரும்புகிறவனும் பணம் கொடுப்பான். ‘சூகோஃபன்தேஸ்’ அறுவடை பண்ணினது அந்த நிம்மதி ஆசையைத்தான்.

ஏதென்ஸ் ஜனங்களே இதைத் தாங்க முடியாமல் ஒரு வேலி போட்டார்கள். ஊர் வழக்கைத் தொடுத்தவனுக்கு நியாயாதிபதிகளின் வாக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட விழாவிட்டால் 1,000 திராக்மா அபராதம். அக்காலத்தில் ஒரு கைத்தொழிலாளிக்கு நாட்கூலி ஏறக்குறைய 1 திராக்மா. கணக்குப் பண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய மூன்று வருஷக் கூலி! அப்படியும் அந்தக் கூட்டம் ஒழியவில்லை. அரிஸ்தோஃபனேஸ் என்ற நாடகக்காரர் தம்முடைய நாடகங்களில் இவர்களை மேடையேற்றி ஊரே சிரிக்கும்படி செய்தார்.

இங்கே ஒரு எச்சரிப்பு. இதே சொல்லிலிருந்து பிறந்த ‘சிகோஃபன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்றைக்கு அகராதியில் முகஸ்துதி பண்ணுகிறவன் என்று பொருள் இருக்கும். அது பிற்காலத்தில் ஆங்கிலத்தில் திரிந்த பொருள். அதை எடுத்துச் சகேயுவின் வாயில் வைத்துவிடாதீர்கள். அவன் முகஸ்துதி செய்ததற்காக நாலு மடங்கு கொடுக்கவில்லை.

3. பழைய ஏற்பாட்டில் இந்த வார்த்தை

கி.மு. மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி எபிரெய வேதாகமம் கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. செப்துவஜிந்த், அதாவது எழுபதின்மர் மொழிபெயர்ப்பு என்பார்கள். அதில் இந்த அத்தேனே பட்டணத்துச் சொல் எங்கே வந்து உட்காருகிறது பாருங்கள்.

ஆதியாகமம் 43:18. யோசேப்பின் சகோதரர் அவன் வீட்டுக்குள் கொண்டுபோகப்படும்போது பயப்படுகிறார்கள். சாக்கிலே இருந்த பணத்தைச் சாட்டாக வைத்து நம்மேல் குற்றஞ்சுமத்தி, நம்மை அடிமைகளாக்கி, நம்முடைய கழுதைகளையும் எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்கிறார்கள். அங்கே இந்தச் சொல் இருக்கிறது. முதலில் குற்றம், பிறகு கழுதை! இதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியில் கிடைக்கும்?

நீதிமொழிகள் 14:31-ல் தரித்திரனை ஒடுக்குகிறவன் அவனை உண்டாக்கினவரையே நிந்திக்கிறான் என்ற கருத்து வருகிறதே, அந்த ‘ஒடுக்குகிறவன்’ கிரேக்கத்தில் இதே சொல். நீதிமொழிகள் 28:3-லும், ஏழைகளை ஒடுக்குகிறவனைக் குறித்து இதே சொல். பிரசங்கி 4:1-ல் சாலொமோன் சூரியனுக்குக் கீழே பார்த்த ஒடுக்குதல்களும், சங்கீதம் 119:134-ல் மனுஷர் செய்யும் இடுக்கத்திலிருந்து தன்னை விடுவிக்கும்படி சங்கீதக்காரன் கேட்பதும் இதே குடும்பத்துச் சொல்தான்.

இதில் ஒரு பெரிய வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏதென்ஸில் இந்தச் சொல் பணக்காரனுடைய புலம்பல். கிரித்தோன் பணக்காரன். வேதத்துக்குள் வந்தவுடனே அது ஏழையினுடைய கண்ணீராகிவிட்டது. ஏனென்றால் பணக்காரனுக்கு சாக்ரடீஸ் ஆலோசனை சொன்னார். ஏழைக்கு ஆலோசனை சொல்ல யாரிருக்கிறார்? பிரசங்கி 4:1 அதைத்தான் சொல்லி அழுகிறது, தேற்றுவார் இல்லை என்று. நாபோத்தை நினையுங்கள் (1 இராஜாக்கள் 21). அங்கே இந்தச் சொல் இல்லை, ஆனால் செய்கை அதுவே. யேசபேல் திராட்சத்தோட்டத்தைச் சுவரேறிக் குதித்துத் திருடவில்லை. உபவாசம் கூறினாள், சபையைக் கூட்டினாள், இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். எல்லாம் சட்டப்படி நடந்தது. நாபோத் கல்லெறியுண்டு செத்தான், ஆகாப் எழுந்து தோட்டத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளப் போனான்.

4. யோவான் சேவகருக்குச் சொன்னது

இப்போது லூக்கா 3:14-ஐத் திரும்ப வாசியுங்கள். யோவான் அங்கே மூன்று காரியம் சொல்லுகிறான். முதலாவது, இடுக்கண் செய்யக்கூடாது. அதற்குரிய கிரேக்கச் சொல்லுக்கு ‘உலுக்குவது’ என்று அர்த்தம். பூமியதிர்ச்சிக்குரிய சொல்லும் இதே வேரிலிருந்துதான் வருகிறது. மரத்தை உலுக்கிப் பழம் பறிப்பதுபோல மனுஷனை உலுக்கிப் பணம் பறிப்பது. இரண்டாவது, நம்முடைய ‘சூகோஃபன்தேயோ’. உலுக்குவதற்குத் தடி வேண்டும், இதற்கு ஒரு புகார் போதும். மூன்றாவது, கிடைக்கிற சம்பளத்தில் போதுமென்றிருப்பது. முதல் இரண்டுக்கும் வேர் மூன்றாவதில் இருக்கிறது. போதாது என்று நினைக்கிறவனுடைய கைதான் பிறனுடைய பையைத் தேடும்.

யோவான் அவர்களை வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. வாளைப் போடச் சொல்லவில்லை. கையிலிருக்கிற அதிகாரத்தைக் காட்டி ஒரு காசும் வாங்காதே என்றான். மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனி (3:8) என்று அவன் சொன்னது இதைத்தான்.

5. சகேயுவின் கணக்கு

சகேயு ஆயக்காரருக்குத் தலைவன். சுங்கம் குத்தகைக்கு விடப்பட்ட காலம். எரிகோ வியாபாரப் பாதையில் இருந்த செழிப்பான ஊர். சாவடியில் ஒருவன் மூட்டையை இறக்கினால், இது எவ்வளவு பெறும் என்று மதிப்புப் போடுகிறவன் ஆயக்காரன். நீ மறைத்தாய், நீ பொய் சொன்னாய், மேலே அனுப்பட்டுமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வியாபாரி பையை அவிழ்ப்பான். சகேயு தன்னுடைய பாவத்தைப் பொதுவாய் ‘நான் பாவி’ என்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. சரியான பெயரை வைத்தே சொன்னான்.

கிரேக்கத்தில் ‘வாங்கியிருந்தால்’ என்ற அந்த வாக்கியத்தின் அமைப்பு, ஒருவேளை வாங்கியிருப்பேனோ என்ற சந்தேகத்தைக் காட்டுகிற அமைப்பல்ல. வாங்கினதை ஒப்புக்கொண்டு, எவனிடத்தில் எதை வாங்கியிருந்தாலும் சரி என்று பேசுகிற பேச்சு. 

நியாயப்பிரமாணம் என்ன கேட்டது? எண்ணாகமம் 5:6,7-ன்படி, தானாக அறிக்கை செய்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். 100 வாங்கினவன் 120 கொடுக்கவேண்டும். யாத்திராகமம் 22:1-ன்படி ஆட்டைத் திருடி அடித்தவனோ விற்றவனோ நாலு ஆடு கொடுக்கவேண்டும். சகேயு தானாக அறிக்கை செய்கிறவன், 120 கொடுத்திருக்கலாம். ஆனால் அவன் கையும் களவுமாய்ப் பிடிபட்ட ஆட்டுத் திருடனுடைய வரிசையில் போய்த் தானே நின்றுகொண்டான். 100-க்கு 400.

இன்னொன்று. ஆண்டவர் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னது ஐந்தாம் வசனம். அவன் பணத்தைப்பற்றிப் பேசினது எட்டாம் வசனம். பணம் கொடுத்து இரட்சிப்பை வாங்கவில்லை. இயேசு வந்தார், அநியாயப் பணத்துக்கு அந்த வீட்டில் இடமில்லாமல் போயிற்று.

அவன் ஏறின மரம் காட்டத்தி. கிரேக்கத்தில் ‘சூகோமோரேயா’. அதிலும் அத்திப்பழத்தின் ‘சூகோன்’ ஒலிக்கிறது. அத்தியில் ஏறினவன் அத்தியின் பெயருள்ள பாவத்தை அறிக்கை செய்தான் என்று பிரசங்கிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அது காதுக்கு இனிமை, அவ்வளவே. அதின்மேல் உபதேசம் கட்டாதிருப்போமாக.

6. என் சாட்சி

நான் ஊழியத்துக்கு வருமுன் ஒரு தாலுகா ஆபீசுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மேஜை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தவன். ஒரு மனுவுக்கு 20 ரூபாய். யாருக்கு எங்கே ஓட்டை இருக்கிறது என்று மனு எழுதுகிறவனுக்குத் தெரியும். 2003-ம் வருஷம். பஜாரில் ஒரு அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால் கால்வாய்மேல் நாலு தகரம் இழுத்துப் போட்டிருந்தார். அவர்மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. நானே ஒரு மனுவை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். “அண்ணே, உங்க கடை மேல ஒரு மனு வந்திருக்கு. நான் நினைச்சா மேல போகாம நிறுத்திடலாம்” என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, டிராயரை இழுத்து 500 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நோட்டில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

பிறகு ஆண்டவர் என்னைச் சந்தித்தார். ஞானஸ்நானம் எடுத்தேன், அபிஷேகம் பெற்றேன், கைப்பிரதி கொடுத்தேன். அந்தக் கடை வழியாய்ப் போகும்போது மாத்திரம் எதிர்ப்பக்கமாய்ப் போவேன். அதெல்லாம் பழைய மனுஷனுடைய காரியம், இரத்தத்தால் கழுவப்பட்டுப் போயிற்று என்று எனக்கு நானே வசனம் சொல்லிக்கொள்ளுவேன்.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படிக்கும்போது ஒருநாள் ஆசிரியர் இந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதினார். புகார் பண்ணுவேன் என்று பயங்காட்டிக் காசு வாங்குகிறவன் என்று விளக்கம் சொன்னார். மற்றவர்கள் நோட்டில் எழுதினார்கள். என் கை ஓடவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கிரேக்கத்தில் என் தொழிலுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். அது மன்னிக்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த 500 ரூபாய் இன்னும் என்னிடத்தில்தானே இருந்தது!

கணக்குப் பண்ணினேன். எண்ணாகமத்தின்படி 600, சகேயுவின்படி 2,000. அந்த நாளில் எனக்கு 2,000 பெரிய பணம். நாலு மாதத்தில் சேர்த்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்று உள்ளதைச் சொன்னேன். “யாரும் மனு கொடுக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. ஆனா தகரத்தைப் பிரிச்சுட்டா நான் எங்க உட்காருவேன்? அதான் குடுத்தேன்” என்றார். ஏதென்ஸ் பட்டணத்துக் கிரித்தோன் சொன்னதும் இதுதானே!

பணத்தை இரண்டு தரம் எண்ணிப் பார்த்து, டிராயரில் போட்டுவிட்டு, அவிழ்த்து வைத்திருந்த சக்கரத்துக்குத் திரும்பிவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சாட்சி சொல்லலாம் என்று கையில் வேதாகமம் கொண்டுபோயிருந்தேன், அதைத் திறக்கவில்லை. அன்றைக்கு நான் அவருக்குக் கொடுக்க வேண்டியது பிரசங்கமல்ல, பணம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தக் கடைப் பக்கமாகவே நடந்து வந்தேன்.

7. நமக்கு

பிரியமானவர்களே, இந்தப் பாவம் பூட்டை உடைக்காது. ஆகையால் நம்மைத் திருடரென்று நாம் எண்ணுவதே இல்லை. பங்காளி மேல் ஒரு வழக்கைப் போட்டுவிட்டு, அரை செண்ட் கொடுத்தால் வாபஸ் வாங்குகிறேன் என்கிறோமே, அது என்ன? குடியிருந்தவர் வீட்டைக் காலி பண்ணும்போது சுவரிலே இல்லாத சேதத்தைக் காட்டி அட்வான்சில் பிடித்துக்கொள்வது என்ன? உடன்பிறந்த சகோதரியிடம், கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசற்படி மிதிக்காதே என்று சொல்லி அவள் பங்கை எழுதி வாங்குவது என்ன? எல்லாவற்றுக்கும் பத்திரம் இருக்கும், முத்திரையும் இருக்கும். நாபோத்தின் காரியத்திலும் ராஜமுத்திரை இருந்தது.

ஊழியக்காரராகிய நமக்கும் ஒரு வார்த்தை. நான் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன். கொடுக்காவிட்டால் சாபம் வரும், கர்த்தர் உன்னைக்குறித்து எனக்குக் காண்பித்தார் என்று பயங்காட்டி விசுவாசியின் கையிலிருந்து வாங்கினால், அதற்குக் காணிக்கை என்று பெயர் வைக்கலாமா? கால்வாய்மேல் தகரம் போட்டவனிடத்தில் தாலுகா ஆபீசைக் காட்டி வாங்கினவன் நான். பயந்த ஆத்துமாவினிடத்தில் பரலோகத்தைக் காட்டி வாங்குகிறவன் என்னைவிட நல்லவனா?

யாரிடத்தில் வாங்கினோமோ அவர் மரித்துப்போனால் என்ன செய்வது என்று சிலர் கேட்கிறார்கள். எண்ணாகமம் 5:8-ஐ வாசியுங்கள். அவருடைய இனத்தாருக்குச் செலுத்தவேண்டும். இனத்தார் ஒருவரும் இல்லாவிட்டால் அது கர்த்தருடையது. எந்த வழியிலும் அது நம்முடையதாக ஆகாது.

சிந்தித்துப் பார்க்க:

(அ) எந்தக் கடைக்கு எதிர்ப்பக்கமாய் நான் நடந்துபோகிறேன்?
(ஆ) என்னிடத்திலுள்ள அதிகாரம், பதவி, எழுத்து, நாவு இவற்றுக்குப் பயந்து எனக்குக் கொடுத்தவர் யார்?
(இ) சட்டப்படி எனக்கு வந்தது, நியாயப்படி என்னுடையதா?

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, எங்கள் நாவினால் வாங்கினதை எங்கள் கைகளினால் திருப்பிக் கொடுக்கக் கிருபை தாரும். மன்னிப்பை வசனமாய்ச் சொல்லிக்கொண்டு பணத்தைப் பெட்டிக்குள் வைத்திருக்கிற எங்களை உணர்த்தும். சகேயுவின் வீட்டுக்கு வந்தவரே, எங்கள் வீட்டுக்கும் வாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.